கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகமாட்டேங்குது" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எதுவரைக்கும் வருது?" என்றுதான். ஃபேன் சுற்றுகிறதா? மானிட்டரில் ஏதாவது எழுத்து வருகிறதா? விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் எதைக் கழற்ற வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே எல்லாம் ஒரு வரிசையில் நடக்கிறது. எஸ்எம்பிஎஸ் என்ற இரும்புப் பெட்டி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி, மற்ற பாகங்களெல்லாம் சொருகியிருக்கும் மதர்போர்டுக்குத் தருகிறது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், மூளையான பிராசசரும் தற்காலிக நினைவகமான ராமும் டிஸ்ப்ளேயும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்க்கிறது. பிறகு டிஸ்க்கைத் தேடிப் பிடித்து விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பழுது இந்த நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். அதே வரிசையில் நாமும் போகலாம்.

தொடங்கும் முன் ஒன்று. ஆன் ஆகாத கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பலரும் சொல்வது, "ஃபார்மட் பண்ணிடலாம்", அதாவது டிஸ்க்கை முழுதாக அழித்துவிடலாம் என்று. தயவுசெய்து அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கரண்ட் வராததற்கும், ராம் பிடிக்காததற்கும், பேட்டரி தீர்ந்ததற்கும் டிஸ்க்கில் உள்ள உங்கள் குடும்பப் படங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பழுது டிஸ்க்கிலோ விண்டோஸிலோ இருந்தாலும், அழிப்பதற்கு முன் ஃபைல்களை வெளியே எடுக்கப் பெரும்பாலும் வழி இருக்கிறது. அதையும் கீழே சொல்கிறேன்.

1. பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

லைட் இல்லை, ஃபேன் இல்லை, சத்தமும் இல்லை என்றால் கேபினட்டைத் திறக்காதீர்கள். முதலில் வெளியே பாருங்கள்.

சுவரில் இருக்கும் அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரையோ டேபிள் லேம்பையோ சொருகி, கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து யுபிஎஸ். நம் வீடுகளில் இதுதான் அடிக்கடி மாட்டுகிற இடம். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும். பேட்டரி செத்துவிட்டால், வீட்டில் கரண்ட் இருந்தாலும் சில யுபிஎஸ்கள் ஆன் ஆகாது. சில யுபிஎஸ்கள் ஆன் ஆகி, கம்ப்யூட்டரின் சுமை ஏறியதும் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். கம்ப்யூட்டரின் பவர் கேபிளை யுபிஎஸ்ஸிலிருந்து உருவி நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். ஓடினால் கம்ப்யூட்டரில் குறை இல்லை, யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்றினால் போதும்.

கேபினட்டின் பின்பக்கம், பவர் கேபிள் சொருகும் இடத்தருகே பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுத்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். வீடு கூட்டும்போது கைபட்டு இது ஆஃப் ஆகியிருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்சும் இருக்கும். அது 230இலேயே இருக்கட்டும், நகர்த்த வேண்டாம். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். பல மானிட்டர்களுக்கும் அதே மாதிரிக் கேபிள்தான் வரும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கேபிளை உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மறுபடி சொருகி ஆன் செய்யுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கியதால் முரண்டு பிடிக்கும் கம்ப்யூட்டர்கள் சில இதிலேயே எழுந்துவிடும்.

அடுத்த சந்தேகம் பவர் பட்டன் மீதே. அழுத்தி அழுத்தி அதுவும் தேயும். கேபிளை உருவிவிட்டு, கேபினட்டைத் திறந்து, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் பாருங்கள். முன்பக்க பட்டன்களிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் அங்கே சொருகியிருக்கும். 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய ஒயரைக் கழற்றி, அதே இரண்டு பின்களில் 'ரீசெட் எஸ்டபிள்யூ' ஒயரைச் சொருகுங்கள். இப்போது ரீசெட் பட்டன்தான் உங்கள் பவர் பட்டன். அதை அழுத்தி கம்ப்யூட்டர் ஓடினால் குறை பட்டனில்தான். அப்படியே விட்டுவிட்டுக்கூடப் பயன்படுத்தலாம். கழற்றும் முன் ஒயர்கள் இருந்த நிலையை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்த்தும் அசைவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் அல்லது மதர்போர்டு. தெரிந்தவர்களிடம் நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ் இருந்தால் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் வித்தையைப் பல வீடியோக்களில் பார்க்கலாம். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லித் தருவதில்லை. ஃபேன் சுற்றுவதால் மட்டும் வோல்டேஜ் சரியாக வருகிறது என்று அர்த்தமில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கை உருவிய பிறகும் சற்று நேரம் அது அப்படியே இருக்கலாம். கருகிய வாடை வந்தால் மறுபடி ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம்.

2. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை

மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி மறுபடி அழுத்திச் சொருகுங்கள். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாகப் போட்ட கம்ப்யூட்டர் என்றால், கேபிள் அந்த கார்டில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் அல்ல. பெயரின் கடைசியில் 'எஃப்' வரும் இன்டெல் பிராசசர்களில், உதாரணமாக ஐ5-12400எஃப், உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் சொருகினால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் லைட் மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்ப்ளே பக்கம்தான் கோளாறு. லைட் அசையவில்லை என்றால் ராமைப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் ராம்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. தூசியும் ஈரக்காற்றும் சேர்ந்து அதன் தங்க நிறப் பட்டைகளில் படிந்து, தொடர்பு விட்டுப்போகிறது. வெளியிலிருந்து யாரையும் கூப்பிடாமல் நீங்களே செய்துவிடலாம்:

பவர் கேபிளை உருவுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்துங்கள். கேபினட்டின் பெயிண்ட் அடிக்காத இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ராம் சொருகியிருக்கும் ஸ்லாட்டின் கிளிப்பை வெளிப்பக்கமாகத் தள்ளினால் ராம் மேலே எழும்பும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும். ராமை ஓரங்களில் மட்டும் பிடித்து, பட்டைகளைப் பென்சில் ரப்பரின் மென்மையான பக்கத்தால் லேசாகத் தேயுங்கள். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான பக்கம் வேண்டாம், முலாம் பெயர்ந்துவிடும். ரப்பர் துகள்களைச் சுத்தமான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ராமின் நடுவில் இருக்கும் வெட்டு, ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்தும்படி வைத்து, 'டக்' என்று கிளிப் மூடும்வரை அழுத்துங்கள். புதியவர்கள் கை நடுங்கிப் பாதியில் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பலம் கொடுத்தே அழுத்த வேண்டியிருக்கும்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் மற்றதைப் போடுங்கள், ஸ்லாட்டையும் மாற்றுங்கள். கெட்டது எது என்று இதிலேயே தெரிந்துவிடும். டிடிஆர்5 ராம் போட்ட புதிய கம்ப்யூட்டர் என்றால், ராமை மாற்றிய பின் முதல் தடவை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (டிஸ்க்) என்று எழுதிய நான்கு குட்டி லைட்டுகள் இருக்கும். எதில் லைட் அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. ஆன் ஆகிச் சில நொடிகளிலேயே அணைந்துவிட்டால், பிராசசர் மேலிருக்கும் ஃபேன் சுற்றுகிறதா, பிராசசர் அருகே வரும் 4 அல்லது 8 பின் பவர் ஒயர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்றோ 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ வந்தால், பயாஸுக்கு விண்டோஸ் இருக்கும் டிஸ்க் கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் பென்டிரைவ், மெமரி கார்டு ஏதாவது சொருகியிருந்தால் உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் ஆன் செய்தவுடனேயே டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸுக்குள் போகலாம். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அணைத்துவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளையும் டிஸ்க்கின் பவர் ஒயரையும் கழற்றி மாட்டுங்கள். சாட்டா கேபிள் விலை குறைவு, வேறொன்று மாற்றியும் பாருங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் தேதி பழைய ஏதோ ஒரு வருடத்தைக் காட்டுகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வட்டமான 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இது தீர்ந்தால் பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்துவிடும். முக்கியமாக சாட்டா மோடும் (டிஸ்க்கோடு பேசும் முறை), யுஇஎஃப்ஐயா லெகசியா (விண்டோஸைத் தொடங்குவது புதிய முறையிலா, பழைய முறையிலா) என்ற தேர்வும் மாறிப்போனால், டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸ் ஏறாது. நீலத் திரையில் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று வருவதற்கும் இது ஒரு காரணம். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, இந்த இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதை மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று விடாமல் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்தால், மீட்கக்கூடிய ஃபைல்களும் போய்விடும். அது டேட்டா ரெக்கவரி செய்பவரின் வேலை.

4. விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்கிறது

இதைக் கண்டு பயப்பட வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்கள் முடங்கின. அவற்றைச் சரிசெய்யச் சொல்லப்பட்ட முறை, அவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரு மோசமான அப்டேட்டோ, ஏதாவது பாகத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளோ இதே வேலையைச் செய்யும். அழிக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான், டிஸ்க்கை அல்ல.

லோகோ வந்து புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போங்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை: முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர். பிறகு, சமீபத்தில் அப்டேட் ஆகியிருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதுவும் பலிக்காவிட்டால் சிஸ்டம் ரீஸ்டோர். இவை உங்கள் சொந்த ஃபைல்களைத் தொடாது. ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து 4ஐ அழுத்தினால் சேஃப் மோட் வரும். அதில் கம்ப்யூட்டர் ஓடினால், கடைசியாக நிறுவிய புரோகிராமையோ டிரைவரையோ நீக்கிவிடுங்கள்.

வழியில் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டால் திகைக்காதீர்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 நிறுவியிருந்தால் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். செல்போனில் அதே கணக்கில் நுழைந்து பார்த்தால் சாவி பெரும்பாலும் அங்கே இருக்கும்.

எதுவும் பலிக்காவிட்டால், முதலில் ஃபைல்கள்

வேறொரு கம்ப்யூட்டரில் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்த பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அதைச் சொருகி ஆன் செய்து, பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்டுங்கள். அசுஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, ஜிகாபைட்டிலும் டெல்லிலும் எஃப்12. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கில் எதையும் நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும். உங்கள் டிஸ்க்கைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு காப்பி செய்யுங்கள். 'ரீட் ஒன்லி' என்று வந்தாலும் கவலையில்லை, படிக்க முடிந்தாலே காப்பி எடுக்கலாம். திரையில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானை மட்டும் தொடாதீர்கள்.

இதன்பின் விண்டோஸை மறுபடி நிறுவுவதோ, கடைக்குக் கொண்டுபோவதோ உங்கள் விருப்பம். கடைக்குப் போனால், "ஆன் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஃபேன் சுற்றுகிறது, ராம் மாற்றிப் பார்த்தாயிற்று, டிஸ்ப்ளே வரவில்லை" என்று எதுவரை வருகிறது என்பதைச் சொல்லுங்கள். என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏதாவது பாகத்தை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.