செஞ்சியும் ஏறணும் பாண்டியும் சுத்தணும்: ஒரே ஒரு காலேஜ் பேக்ல எப்படி போறது

கடலூர்லேந்து கெளம்பி மொத நாள் செஞ்சிக்கோட்டை, ராத்திரி திருவண்ணாமலைல தங்கல், மறுநாள் காலைல அந்த ஊர் மலைமேல இருக்கற ஸ்கந்தாசிரமம் வரைக்கும் நடை, அதுக்கப்பறம் பாண்டி வந்து மீதி நேரம் ஊர் சுத்தல். மூணு நாள் லீவு கெடச்சா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இத விட நல்ல ரூட் கெடையாது. ஆனா பேக் கட்டும்போதுதான் எல்லாரும் சொதப்புவாங்க, மலைக்கு ஒரு செட்டு, கோயிலுக்கு ஒரு செட்டு, பீச் ரோட்ல போட்டோ எடுக்க ஒரு செட்டுன்னு எடுத்து வச்சு கடைசில ஏதோ கல்யாணத்துக்குப் போற மாதிரி ஆளுக்கு ரெண்டு பை தூக்கிட்டு நிப்பாங்க.

இந்த ரூட்ல ஒரு விஷயம் கவனிக்கணும். செஞ்சிக்கு நீங்க போய் எறங்கும்போது ரூம் எதுவும் போட்டிருக்க மாட்டீங்க, ராத்திரி தங்கறது திருவண்ணாமலைல. அதனால மூணு நாளைக்கான மொத்த மூட்டையும் முதுகுல இருக்கும்போதுதான் ராஜகிரி, அதாவது செஞ்சிக்கோட்டையோட பெரிய மலை, ஏறப் போறீங்க. கீழ யார்கிட்டயாவது குடுத்துட்டு ஏறிக்கலாம்னு நம்பி பிளான் போடாதீங்க.

சரி எங்கேந்து ஆரம்பிக்கறது? எல்லாரும் துணிலேந்து ஆரம்பிப்பாங்க, நான் சொல்றது தண்ணிலேந்து ஆரம்பிங்க. ராஜகிரி உயரம் சுமார் 800 அடிதான், கேக்க ஒண்ணும் பெருசா தெரியாது, ஆனா மொத்தமும் பாறை, பத்து மணிக்கு மேல வெயில் மேலேந்தும் அடிக்கும் கல்லுலேந்தும் அடிக்கும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கண்டிப்பா வேணும். ரெண்டு லிட்டர்னா ரெண்டு கிலோ, அதுல பேரம் பேச முடியாது. தண்ணியோட சேத்து பேக் 6 கிலோவ தாண்டக்கூடாதுன்னு வச்சுக்கோங்க, அப்போ மீதி 4 கிலோ, அதுல காலி பேக்கே முக்கா கிலோ போயிடும். இந்தக் கணக்கு மனசுல இருந்தாலே பாதி துணி தானா பீரோவுக்குத் திரும்பிப் போயிடும். எடை பாக்க மெஷின் இல்லன்னா பழைய பேப்பர் கடைல தொங்கற தராசுல மாட்டிப் பாருங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பரவால்ல.

பேக் 20லேந்து 25 லிட்டர் போதும், அதாவது சாதாரண காலேஜ் பேக் சைஸ். ட்ராலி பேக் இந்த ட்ரிப்புக்கு ஆகவே ஆகாது. பெரிய ட்ரெக்கிங் பேக்கும் வேணாம், எடம் இருந்தா மனசு எதையாவது போட்டு ரொப்பிடும். இன்னொண்ணு, விழுப்புரம் மாறி செஞ்சி போற பஸ்ல கூட்டம் இருந்தா கண்டக்டர் "பேக்க கழட்டி மடியில வைப்பா"ன்னுதான் சொல்வார், மடில வச்சா முன்சீட்டு முட்டாத சைஸ் எதுவோ அதுதான் சரியான சைஸ். நெஞ்சுப் பட்டை இருந்தா நல்லது, படி ஏறும்போது பேக் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடாது.

இப்ப துணி. ஜீன்ஸ் வேணாம், இதுல விவாதமே கெடையாது. ஒரு ஜீன்ஸ் முக்கா கிலோ பக்கம் வரும், வேர்வைல நனைஞ்சா தொடைல ஒட்டும், முட்டி மடக்கி பெரிய படி ஏற விடாது, தொவச்சா ரெண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பக்கம் ஈரமாவே இருக்கும். அதுக்குப் பதிலா மெல்லிசான முழு பேன்ட் ரெண்டு, ஒண்ணு போட்டுக்கறது ஒண்ணு பேக்ல, கருப்பு இல்லன்னா சாம்பல் கலர். ஷார்ட்ஸ் மலைக்கு வசதிதான், ஆனா அண்ணாமலையார் கோயில் வாசல்ல அதோட போய் நின்னா சரிப்படாது, ஒரே துணி மலைக்கும் கோயிலுக்கும் பீச் ரோட்டுக்கும் ஆகணும்னா முழு பேன்ட்தான். மேல போட சீக்கிரம் காயற ட்ரை ஃபிட் டீ சர்ட் ரெண்டு, காலர் வச்ச மெல்லிசான சட்டை ஒண்ணு. பாண்டில ஒரு நல்ல ஹோட்டல்ல ஒக்காந்து சாப்பிடணும்னா அந்தச் சட்டை போதும், யாரும் உங்கள ஃபேஷன் ஷோவுக்கு கூப்பிடல. உள்ளாடை மூணு செட், சாக்ஸ் ரெண்டு ஜோடி, அவ்ளோதான்.

காட்டன் தானே நம்ம ஊருக்கு நல்லதுன்னு கேப்பீங்க. வீட்ல இருக்கும்போது நல்லதுதான். ஆனா தெனமும் தொவச்சுப் போட்டுக்கற ட்ரிப்ல காட்டன் காலை வாரிடும், ஏன்னா பாண்டி, கடலூர்லாம் கடக்காத்து, காத்துலயே ஈரம் இருக்கறதால ராத்திரி காயப் போட்ட காட்டன் பனியன் காலைல சிலுசிலுன்னு இருக்கும், போட்டா ஒரு மாதிரி வாடையும் வரும். திருவண்ணாமலைல அந்தப் பிரச்சன கொறைவு, அது உள்பக்கம், காத்து கொஞ்சம் காஞ்ச காத்து. அதனால பெரிய தொவையல திருவண்ணாமலை ராத்திரிலயே முடிச்சிடுங்க, பாண்டிக்குப் போய் பாத்துக்கலாம்னு வைக்காதீங்க.

தொவைக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. ரூமுக்குப் போனதும் குளிக்கும்போதே டீ சர்ட்ட அலசி நல்லா பிழிஞ்சிடுங்க, அப்பறம் துண்ட கட்டில் மேல விரிச்சு அதுமேல டீ சர்ட்ட பரப்பி ரெண்டையும் சேத்து பாய் சுருட்டற மாதிரி இறுக்கமா சுருட்டி, சுருட்டினது மேல முட்டி போட்டு ஒரு அழுத்து அழுத்துங்க. பிழியும்போது போகாத தண்ணியெல்லாம் துண்டுல எறங்கிடும். அதுக்கப்பறம் ஃபேனுக்கு நேரா மாட்டினா ட்ரை ஃபிட் விடியறதுக்குள்ள காஞ்சிடும். இதுக்கு டர்க்கி டவல் எடுத்துட்டுப் போகாதீங்க, அது தண்ணி குடிச்சிட்டு அதுவே காயாது. நம்ம ஈரிழைத் துண்டு இருக்கு பாருங்க, அதுதான் பெஸ்ட்டு. வெயில்ல தலைல போட்டுக்கலாம், கழுத்துல சுத்திக்கலாம், பஸ் ஜன்னல்ல புழுதிக் காத்து அடிச்சா மூஞ்சிய மூடிக்கலாம். கூட ஒரு பழைய கைலி. தூங்க, குளிச்சுட்டு மாத்த, லாட்ஜ் பெட்ஷீட் மேல நம்பிக்கை இல்லன்னா விரிச்சுக்க, ஏசி குளிர்ல போத்திக்க எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும், நைட் பேன்ட்டும் வேணாம் போர்வையும் வேணாம்.

பொண்ணுங்களுக்கு, எங்க அக்கா பண்றது ரொம்ப சிம்பிள். முட்டிக்கு மேல நிக்கற குர்தா மூணு, லெக்கிங்ஸ் ரெண்டு, ஒரு காட்டன் துப்பட்டா. முட்டிக்குக் கீழ எறங்கற டாப்ஸ்னா செஞ்சில படி ஏறும்போது முன்பக்கம் காலுல மிதிபடும், அதான் நீளம் முக்கியம். துப்பட்டா வெயிலுக்கும் கோயிலுக்கும். நாப்கின் தேவைப்படற நாளா இல்லன்னாலும் ரெண்டு வச்சுக்கறது நல்லதுன்னு அவ சொல்லுவா, தேதி முன்னப் பின்ன ஆகலாம்னு.

காலுக்கு என்ன? என்னைக் கேட்டா பின்பட்டை வச்ச ஃப்ளோட்டர்ஸ் ஒண்ணே ஒண்ணு, அதையும் கால்லயே போட்டுக்கறதால பேக்ல செருப்பே இருக்காது. செஞ்சில பெரும்பாலும் படிக்கட்டுதான், ஸ்கந்தாசிரமம் போற வழியும் கல்லு பதிச்ச பாதை, ட்ரெக்கிங் ஷூ தேவப்படற மலை இதுல ஒண்ணும் இல்ல. அதோட கோயில், ஆசிரமம்னு கழட்டி மாட்டறதே வேலையா இருக்கும், லேஸ் கட்டற ஷூன்னா வெறுத்துடுவீங்க. கணுக்கால் பிசகற பழக்கம் உள்ளவங்க மட்டும் ஷூ போட்டுக்கோங்க, கூட ஒரு ரப்பர் செருப்பு. எதுவா இருந்தாலும் புதுசா வேணாம், ஒரு மாசமாவது கால்ல பழகி இருக்கணும். கெளம்பறதுக்கு மொத நாள் கால் நகத்த ஒட்ட வெட்டிடுங்க, ஷூ போடறவங்களுக்கு எறங்கும்போது விரல் முன்னாடி போய் இடிச்சு இடிச்சு நகமே கருத்துடும். கிரிவலமும் சேத்துக்கறீங்கன்னா அது 14 கிலோமீட்டர், வெறுங்கால்லதான் நெறைய பேர் நடப்பாங்க, பகல்ல தார் ரோட்டுல அது முடியற காரியம் இல்ல, ராத்திரியோ விடியக்காலையோ வச்சுக்கோங்க. செருப்ப மஞ்சப்பைல போட்டு கூடவே வச்சுக்கலாம்.

தொடை உரசல பத்தி யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதறேன். நம்ம ஊர் வேர்வைல நாள் பூரா நடந்தா உள்தொடை எரிய ஆரம்பிச்சிடும், அப்பறம் பாண்டில அகட்டி அகட்டிதான் நடக்கணும். கெளம்பறதுக்கு முன்னாடியே சின்ன டப்பா வாஸ்லின் இல்லன்னா தேங்காண்ணெ கொஞ்சம் தடவிக்கோங்க. அந்த டப்பா எடை ஒண்ணுமே இல்ல, ஆனா மூணு நாள காப்பாத்தும்.

சாப்பாட்டு விஷயத்துல செஞ்சில கொரங்குங்கதான் பாஸு. கைல பிளாஸ்டிக் கவர் இருந்தா உள்ள என்ன இருக்குன்னுகூட பாக்காது, கவர் சத்தம் கேட்டாலே வந்துடும். கல்யாண மகால் பக்கத்துல ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்ச அடுத்த செகண்ட் சுவத்து மேலேந்து ஒண்ணு எறங்கி, அவர் கையப் புடிச்சு விரல ஒண்ணொண்ணா பிரிச்சு நிதானமா வாங்கிட்டுப் போச்சு, அவர் அப்படியே நிக்கறார். அதனால கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் இந்த மாதிரி சத்தம் வராததா எடுத்து பேக்குக்குள்ள அடியில வச்சு ஜிப் போட்டுடுங்க, தண்ணி பாட்டில பக்கத்துப் பைல வெளிய தெரியற மாதிரி வைக்காதீங்க. கூட ஓஆர்எஸ் பாக்கெட் ரெண்டு, ஒரு லிட்டருக்கு கலக்கற பெரிய பாக்கெட்டா பாத்து வாங்குங்க, பாதித் தண்ணில முழு பாக்கெட்டக் கொட்டக் கூடாது. மதியம் தாண்டிப் போனா ராஜகிரி மேல ஏற விடறது சந்தேகம்தான், காலைலயே போயிடுங்க. 2025ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல செஞ்சியும் சேந்துடுச்சு, அதனால லீவு நாள்ல கூட்டமும் இருக்கும்.

சோப்பு சீப்பு வகையறால பாட்டிலே எடுக்காதீங்க. பாதி சோப்பு, சின்ன பேஸ்ட், பிரஷ், அப்பறம் ஷாம்பு பாக்கெட். ஷாம்பு பாக்கெட்டுக்கு நாம கடலூர்க்காரங்க பெருமப்பட்டுக்கலாம், சின்னச் சின்ன பாக்கெட்ல போட்டு விக்கலாம்னு யோசிச்ச சின்னிகிருஷ்ணன் நம்ம ஊர்க்காரர், அவர் பையன் ரங்கநாதன் 1983ல இங்கதான் சிக் ஷாம்பு கம்பெனிய ஆரம்பிச்சார். எந்தப் பொட்டிக்கடைலயும் கெடைக்கற பொருள வீட்லேந்து சொமந்துட்டுப் போறதுக்கு என்ன அவசியம்? அதே மாதிரிதான் கொசுவத்தி, பிஸ்கட்டு எல்லாம்.

எலக்ட்ரானிக்ஸ்ல போன், ஒரு சார்ஜர், 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க், முடிஞ்சுது. கேமரா போட்டோகிராபர்களுக்கு மட்டும். ஆதார் ஒரிஜினலும் ஒரு ஜெராக்ஸும் ஜிப் கவர்ல, லாட்ஜ்ல கேப்பாங்க. பத்து ரூபா நோட்டு கொஞ்சம், கட்டண கழிப்பறைல ஜிபே வேல செய்யும்னு நம்ப முடியாது.

பாண்டிக்கு வந்தாச்சுன்னா பேக் ரூம்லயே இருக்கட்டும். மடிச்சா உள்ளங்கைல அடங்கற மஞ்சப்பை ஒண்ணு கொண்டு போயிருப்பீங்கல்ல, அதுல அரை லிட்டர் தண்ணி, குடை, பர்ஸ் போட்டுக்கிட்டு வெறுங்கையா சுத்துங்க. மணக்குள விநாயகர் கோயில், ஆயி மண்டபம் இருக்கற பாரதி பூங்கா, பழைய லைட்ஹவுஸ், காந்தி சிலை எல்லாமே நடக்கற தூரம்தான், ஆட்டோவே வேணாம். பீச் ரோட்ல சாயங்காலம் 6 மணிலேந்து காலைல 7:30 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, அந்த நேரத்துக்குப் போங்க. கடைசி நாள் ரூம் காலி பண்ணிட்டும் சுத்தணும்னா ரிசப்ஷன்ல கேட்டு பேக்க வச்சுட்டுப் போலாம், மூட்டை சின்னதா இருந்தா மூஞ்சி சுளிக்காம வாங்கி வச்சுப்பாங்க. ஞாயித்துக்கெழமையா இருந்தா காந்தி வீதி சண்டே மார்க்கெட் இருக்கும், டீ சர்ட் பத்தலன்னா அங்க வாங்கிக்கலாம்னு தைரியமா ஒண்ணு கொறச்சே எடுத்துட்டுப் போங்க. பேக்ல எடம் மிச்சம் இருக்கேன்னு திரும்பி வரும்போது "பாட்டில்" வாங்கிப் போடற ஐடியா மட்டும் வேணாம், பாண்டிலேந்து கடலூர் வர்ற வழில ஆல்பேட்டை செக்போஸ்ட்ல எறக்கி பேக்க தொறந்து பாத்தாங்கன்னா ட்ரிப்பே கெட்டுடும்.

மழைக்காலத்துல, அதாவது ஐப்பசி கார்த்திகைல போறவங்க ரெண்டே மாத்தம் பண்ணிக்கோங்க. பேக்குக்கு வெளிய போடற ரெயின் கவர் வேணாம், உள்ள ஒரு பெரிய தடிச்ச பாலித்தீன் பைய விட்டு அதுக்குள்ள துணிய அடுக்கி வாய முறுக்கிக் கட்டிடுங்க, பேக் முழுக்க நனைஞ்சாலும் துணிக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது, பாறை ஈரமா இருந்தா செஞ்சிய கடைசி நாளுக்குத் தள்ளிட்டு பாண்டிய மொதல்ல முடிங்க, பேக்கிங் அதேதான், டீ சர்ட் மட்டும் ஒண்ணு கூட.