அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்

நீங்கள் சித்தியோ மாமாவோ வகுப்பு டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக வேண்டுமானாலும் இருங்கள். அப்பா தினமும் டாஸ்மாக் போய்விட்டுத்தான் வருகிறார், அம்மா எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு படுத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் குடியை உங்களால் நிறுத்த முடியாமல் போகலாம், பிள்ளைக்குத் துணையாக இருக்க முடியும்.

சேட்டை செய்கிற பிள்ளை தானாகக் கண்ணில் படும். படாமல் போவது, பைக் சத்தம் கேட்டதுமே டிவியை அணைத்து, தம்பி புத்தகங்களை ஒதுக்கி, அப்பா செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று கணிக்கிற பத்து வயசுப் பெண். சோறு வடிப்பாள், ஹோம்வொர்க்கும் முடிப்பாள். ஊரே பொறுப்பான பிள்ளை என்று மெச்சும். அந்தப் பொறுப்பு பயத்தில் வந்தது. அடிக்கடி வயிற்றுவலி, வகுப்பில் தூக்கம், தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருப்பது, இவற்றையும் கவனியுங்கள்.

உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். கடைக்குக் கூட்டிப் போகும்போது பேசுங்கள். “அப்பா குடிக்கிறது உன்னால இல்லை, அம்மா அழறதும் உன்னால இல்லை, அது டாக்டர் பார்க்க வேண்டிய நோய்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு தடவை சொன்னால் போதாது. “நீ நல்லாப் படிச்சா அப்பா திருந்திடுவார்” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்பாவைத் திட்டவும் வேண்டாம், குடிக்காத நேரத்து அப்பா மேல் அவளுக்கு உயிர்.

சண்டை வந்தால் நடுவில் போய் நிற்காமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் நம்பரையும், குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098-ஐயும் மனப்பாடம் செய்ய வையுங்கள். அடி உதை இருந்தால் நீங்களே அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

அம்மாவைச் சோம்பேறி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். போனில் பேச 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் குடியை நிறுத்துகிற மாத்திரை கலப்பது உயிருக்கே ஆபத்து. தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னால் போய்விடுங்கள். முடியாவிட்டால் சனிக்கிழமையே போன் பண்ணி அவளிடமே சொல்லுங்கள்.