பிறவியிலேயே தைராய்டு குறைவு: கைக்குழந்தைக்கு மாத்திரை கொடுப்பது எப்படி?

என் மகள் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) அதிகம் என்று தெரிந்தது. பத்தாம் நாளே, தைராய்டு சுரக்க வேண்டிய ஹார்மோனான தைராக்ஸினை மாத்திரையாகத் தொடங்கிவிட்டோம். முதல் மூன்று வருடம் மூளை வளர இந்த ஹார்மோன் வேண்டும். இரண்டு வாரத்துக்குள் சரியான அளவில் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள். அளவு மருத்துவர் சொல்வதுதான். நமக்குள்ள வேலை, அது முழுதாக வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது.

படி 1: தினமும் ஒரே நேரம். எங்களுக்குக் காலை ஆறு மணி.

படி 2: மாத்திரையை இரண்டு எவர்சில்வர் ஸ்பூனுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். கடையில் விற்கும் நசுக்கும் டப்பாவில் பாதித் தூள் ஒட்டிக்கொள்கிறது, வாங்காதீர்கள்.

படி 3: அதே ஸ்பூனில் சில சொட்டுத் தாய்ப்பால் விட்டுக் குழைத்து உடனே புகட்டுங்கள். ஒட்டியிருப்பதை இன்னும் இரண்டு சொட்டு விட்டு வழித்துக் கொடுங்கள். பாலாடை நிறையப் பாலில் கலக்க வேண்டாம். பிள்ளை பாதியில் தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்றே தெரியாது. முதல் நாளே கரைத்தும் வைக்காதீர்கள்.

படி 4: நான் தவறிய இடம் இது. ஆறாம் மாதம் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மறக்காமல் இருக்கட்டும் என்று இரண்டையும் காலையிலேயே சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லையே என்று அழுதேன். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தபோதுதான் விஷயம் புரிந்தது: இரும்பு குடலில் தைராக்ஸினைப் பிடித்துக்கொள்கிறது, மருந்து உடம்பில் சேர்வதில்லை. கால்சியம், சோயா பால் பவுடர் இரண்டும் இப்படித்தான். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பை மாலைக்கு மாற்றினோம். அளவைக் கூட்டாமலேயே டி.எஸ்.எச். இறங்கியது.

பின்சேர்க்கை: பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை எப்போது கொடுப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள்.

இன்னொரு அம்மா, "நன்றாகத் தவழ்கிறான், நிறுத்தலாமா என்று மாமியார் கேட்கிறார்" என்று எழுதியிருந்தார். நிறுத்தாதீர்கள் அம்மா. அவன் தவழ்வதே மாத்திரையால்தான். மூன்று வயதுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு மருத்துவரே நிறுத்திப் பார்ப்பார். சுரப்பியே இல்லாமல் பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க வேண்டும்.