கை உடைந்த ட்ரோனை உறுதியான ஃபிரேமுக்கு மாற்றுவது எப்படி?

5 அங்குல புரொப்பெல்லர் கொண்ட எஃப்பிவி ட்ரோன் (அதன் கேமரா காட்சியைப் பார்த்தே ஓட்டுவது) கீழே விழுந்தால் பெரும்பாலும் உடைவது ஃபிரேமின் கைதான். மோட்டார், ஃபிளைட் கன்ட்ரோலர் (ட்ரோனின் மூளையான போர்டு), இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) எல்லாம் பிழைத்திருக்கும். அவற்றை அப்படியே எடுத்து உறுதியான ஃபிரேமில் பொருத்திவிடலாம்.

முதலில் ஃபிரேம். 4 மி.மீ. கைக்குப் பதில் 5 மி.மீ. கை உள்ளதாகப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப விறைப்பு கூடும் என்பதால், அதே அகலமுள்ள கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும். ஒவ்வொரு கையையும் தனியாகக் கழற்ற முடிகிற ஃபிரேம்தான் என் தேர்வு. அடுத்த முறை உடைந்தால் ஒரு கையை மட்டும் மாற்றினால் போதும். போர்டின் துளை இடைவெளி 30.5 மி.மீ.யா 20 மி.மீ.யா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். மோட்டார் துளைகளையும் ஒத்துப் பாருங்கள்.

கழற்றும் முன் பேட்டரியையும் புரொப்பெல்லர்களையும் எடுத்துவிடுங்கள். எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஃபிளைட் கன்ட்ரோலரை அமைக்க உதவும் பீட்டாஃபிளைட் மென்பொருளில் 'டிஃப் ஆல்' (diff all) கட்டளை கொடுத்து அமைப்புகளைச் சேமியுங்கள்.

சால்டரிங் புதிது என்றால் மோட்டார் வயர்களைத் தொடவே வேண்டாம். கைகளிலிருந்து நான்கு மோட்டார்களையும் அவிழ்த்து, போர்டோடு சேர்த்து மொத்தமாகத் தூக்குங்கள். எட்டுக்கால் பூச்சி மாதிரி வந்துவிடும். அதைப் புது ஃபிரேம் மேல் வைத்துப் பார்த்தால் வயர் நீளம் போதுமா என்பது தெரியும்.

ஃபிரேமின் கார்பன் ஃபைபரில் மின்சாரம் பாயும். அதனால் வெட்டு விளிம்புகளை ஈரமான உப்புத்தாளால் மழுங்கடியுங்கள், வயர் உரசும் இடத்தில் டேப் சுற்றுங்கள். தேய்க்கும்போது வரும் கார்பன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

இனி, பலர் கோட்டைவிடும் இடம்: மோட்டார் ஸ்குரூ. கை தடித்தால் பழைய ஸ்குரூ குட்டையாகிவிடும். அளவுக்கு மீறி நீளமானதைப் போட்டாலோ அது உள்ளே போய்ச் செம்புச் சுற்றைக் குத்தும். கையின் தடிமனோடு 2 முதல் 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், 5 மி.மீ. கைக்கு எம்3 அளவில் 8 மி.மீ. ஸ்குரூ. இறுக்கிய பின் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, ஒரு முனையை ஸ்குரூவிலும் மறுமுனையை அந்த மோட்டாரின் வயர் சால்டர் செய்த இடத்திலும் தொடுங்கள். ஒலித்தால் உடனே கழற்றுங்கள், எங்கோ தொடுகிறது என்று அர்த்தம். சரி என்றால் நீல நிற திரெட் லாக்கர் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு மறுபடி இறுக்குங்கள்.

போர்டை ரப்பர் வளையங்களோடு பொருத்துங்கள். ரப்பர் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். ஃபிளைட் கன்ட்ரோலரில் உள்ள அம்புக்குறி முன்பக்கம் பார்க்கட்டும். வீடியோ டிரான்ஸ்மிட்டருக்கு ஆன்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுத்தால் அது கருகிவிடக்கூடும் என்பதால், இப்போதே மாட்டிவிடுங்கள்.

பேட்டரி இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டரின் முனைகளில் மல்டிமீட்டர் ஒரு கணம் ஒலித்து அடங்கினால் அது கேபாசிட்டர் சார்ஜ் ஆவது. விடாமல் ஒலித்தால் ஷார்ட். முதல் முறை பேட்டரியை ஸ்மோக் ஸ்டாப்பர் (ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாகவே இணையுங்கள்.

புரொப்பெல்லர் இல்லாமலே பீட்டாஃபிளைட்டில் ட்ரோனைச் சாய்த்துப் பாருங்கள். திரையிலும் அதே பக்கம் சாய வேண்டும். மோட்டார்களின் வரிசையையும் சுழலும் திசையையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அப்புறம் புரொப்பெல்லர் மாட்டி, திறந்த இடத்தில் அரை நிமிடம் தாழ்வாக நிறுத்திப் பறக்கவிட்டு இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், பீட்டாஃபிளைட்டில் ட்ரோனை நிலையாக வைக்கும் பிஐடி அமைப்பில் டி (D) மதிப்பைக் கொஞ்சம் குறைத்து மறுபடி சோதிக்கும் வரை உயரே ஏற்ற வேண்டாம்.