மட்டன் பிரட்டலுக்கு எந்த வைன்? நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு வைன், மீனுக்கு வெள்ளை வைன். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வைன் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதை நம்பி ஈப்போவில் ஒரு கேபர்னே சாவினோன் பாட்டிலை வாங்கி வந்து, தீபாவளியன்று மட்டன் பிரட்டலோடு ஊற்றிக் கொடுப்பார்கள். முதல் வாயிலேயே நாக்கு எரியும், வைன் கசக்கும். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று மாமா கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு பீர் பக்கம் போய்விடுவார். மாமா மேல் தப்பே இல்லை.

அந்த விதி, ஆட்டுத் தொடையில் உப்பும் மிளகும் தடவி அடுப்பில் சுட்டுச் சாப்பிடும் வீடுகளுக்கானது. நம் சட்டியில் ஆடு வேகிறதா கோழி வேகிறதா என்பது இரண்டாவது கேள்வி. மிளகாய் எவ்வளவு, புளி எவ்வளவு, தேங்காய்ப்பால் உண்டா, கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கறியைப் பார்த்து வைன் வாங்குவதுதான் பெரிய தவறு. மசாலாவைப் பார்த்து வாங்க வேண்டும்.

மிளகாயின் காரம் உண்மையில் ஒரு சுவை அல்ல. சூட்டை உணரும் நரம்பை அது தூண்டிவிடுகிறது. அந்த நரம்பு சாதாரணமாக 42 டிகிரி சூட்டில்தான் 'சுடுது' என்று சொல்லும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே சொல்ல ஆரம்பித்துவிடும். நம் உடம்புச் சூடே அதைவிட அதிகம். ஏற்கனவே மிளகாய் எரியும் வாயில் 14.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள வைனை ஊற்றினால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு கேபர்னேயில் டானின் அதிகம். கட்டன் தேநீர் குடித்தால் வாயில் ஏற்படுமே ஒரு துவர்ப்பு, அதேதான். எரிச்சலும் துவர்ப்பும் சேர்ந்தால் வைனின் பழச்சுவை காணாமல் போகும்.

அதனால் காரமான பிரட்டலுக்கும் சம்பாலுக்கும் டானின் குறைந்த வைன் வேண்டும். லேபிளில் ஆல்கஹால் 13 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். பிரான்சின் போஜோலே பகுதியில் கமே திராட்சையில் செய்வது பொருந்தும், பினோ நுவாரும் பரவாயில்லை. என்னைக் கேட்டால் இத்தாலியின் லாம்ப்ருஸ்கோதான் நம் ஊர்க் காரத்துக்கு ஏற்றது. லேசாக நுரைக்கும் சிவப்பு வைன் அது. லேபிளில் 'அமாபிலே' என்று இருந்தால் கொஞ்சம் இனிப்பாகவும் இருக்கும். இனிப்பு காரத்தை அடக்கும். வைன் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், அவர்கள் சாப்பாட்டில் பச்சை மிளகாய் இல்லை.

அப்படியானால் அந்த கேபர்னேயை என்ன செய்வது? தேங்காய்ப்பால் ஊற்றி, காரம் குறைத்து வைத்த மட்டன் குருமாவோடு குடித்துப் பாருங்கள். கொழுப்பும் புரதமும் டானினின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும், உப்பும் கசப்பை மட்டுப்படுத்தும். மாமா ஒதுக்கிய அதே பாட்டில் இங்கே நன்றாக இருக்கும்.

மிளகுக் காரம் வேறு கதை. ஷிராஸ் வைனில் மிளகு வாசம் வருகிறது என்றால் பலரும் விளம்பரப் பேச்சு என்று நினைக்கிறார்கள். இல்லை. மிளகுக்கு அந்த வாசத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். குளிர்ச்சியான பகுதிகளில் விளையும் ஷிராஸில் அது தூக்கலாகத் தெரியும். மிளகாய் குறைத்து, மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் வறுவலுக்கு இதைவிடப் பொருத்தமான வைன் எனக்குத் தெரியவில்லை. ஒன்று, ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசமே எட்டாது. பக்கத்தில் இருப்பவர் "ஒண்ணும் தெரியலையே" என்றால் அவரோடு சண்டை போட வேண்டாம்.

புளிக்குழம்பு வைக்கும் நாளில் மெர்லோ மாதிரி மென்மையான வைன் உப்புச் சப்பில்லாமல் இருக்கும், ஏனென்றால் புளிப்பான உணவு வைனின் புளிப்பை அமுக்கிவிடும். இத்தாலியின் பார்பெராவில் புளிப்பு அதிகம், டானின் குறைவு. அது தாக்குப்பிடிக்கும். கிச்சாப் மானிஸ் என்ற இனிப்புக் கிச்சாப் ஊற்றிய கோழிக்கு நேர்மாறான சிக்கல். சாப்பாடு இனித்தால் வைன் புளித்தும் கசந்தும் தெரியும். அதிரசம், பால்கோவாவோடு இனிப்பில்லாத சிவப்பு வைனைத் தரவே தராதீர்கள். ரசத்துக்கு எந்த வைனும் வேண்டாம்.

நெத்திலி சம்பால், கருவாடு விஷயத்தில் மட்டும் அந்தப் பழைய விதி பாதி சரி. சிவப்பு வைனோடு கடல் உணவு சாப்பிட்டால் சில நேரம் வாயில் கவிச்சு தங்கிவிடும். வைனில் உள்ள இரும்புச் சத்துதான் அதற்குக் காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்பின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளில் இருக்காது. கருவாட்டுக் குழம்பு நாளில் வைனைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது சூடு. 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று எழுதியிருப்பதை நம்பி மேசையில் வைத்துவிடுகிறார்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது, அதன் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மூன்று மணிக்கு நம் வீட்டு அறை 32-ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்தால் போதும் என்கிற அறிவுரையும் குளிர் நாட்டுக்காரர்களுடையதுதான். நமக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து, பாட்டிலைக் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். வெறும் ஐஸில் புதைப்பதைவிட அதுதான் சீக்கிரம் குளிரும். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள், நிறைய ஊற்றினால் குடித்து முடிப்பதற்குள் சூடாகிவிடும். வைனிலேயே ஐஸ் கட்டி போடுவதா? விலை குறைந்த வைன் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

அன்பளிப்பாக வந்த பாட்டிலைக் கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்கில் அலங்காரமாக நிற்க வைப்பதும் நம் வழக்கம். நம் ஊர் வெப்பத்தில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், கழுத்தோரம் பிசுபிசுப்பாக ஒழுகும். உள்ளே இருப்பது அவித்த பழம் மாதிரி ஆகிவிடும். கடை வாசல் வெயிலில் நிற்கும் பாட்டிலையும், பகல் முழுக்கக் கார் பூட்டில் கிடந்ததையும் தொடாதீர்கள். சாதாரண வைனை வாங்கிய சில மாதங்களுக்குள் குடித்துவிடலாம். திருகு மூடி போட்டது மட்டம் என்ற எண்ணமும் தவறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் உயர்ந்த வைன்களுக்கே அதைப் போடுகிறார்கள்.

ருசி பார்ப்பதில், பெலாச்சான் வதங்கும் அடுப்படியில் நின்றுகொண்டு கிளாஸை மோந்து பார்த்துப் பயனில்லை. தாளிப்பதற்கு முன்பே, சாம்பிராணிப் புகை இல்லாத இடத்தில் மோந்து பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். அப்புறம், சம்சு குடிப்பது போல ஒரே மடக்கில் விழுங்கக் கூடாது. முதலில் தனியாக ஒரு வாய், பிறகு குழம்போடு ஒரு கவளம், மறுபடி ஒரு வாய். அந்த இரண்டாவது வாயில்தான் பொருத்தம் தெரியும்.

திறந்த இல்ல உபசரிப்பில் முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள். பொதுச் சட்டியில் ருசிக்காக வைன் ஊற்றிச் சமைக்காதீர்கள், கிளாஸ்களையும் தனியாக வையுங்கள். 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது, ஆகவே தம்பியைக் கடைக்கு அனுப்பும் பழக்கம் இங்கே செல்லாது. கார் ஓட்டப் போகிறவருக்கு ஊற்றாதீர்கள்.

மீதியை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மேசையிலேயே விட்டால் மறுநாளே காடி வாடை அடிக்கத் தொடங்கும்.