அரசுக் கடன் வட்டியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் அரசுக்கும் கடன் மலிவாகிவிடும் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மத்திய வங்கியின் கையில் இருப்பது குறுகிய கால வட்டி. அரசு 10 ஆண்டுக் கடனுக்காக வெளியிடும் பத்திரத்தின் வட்டியை, சந்தையில் அந்தப் பத்திரத்தை வாங்குபவர்களும் விற்பவர்களும்தான் தீர்மானிக்கிறார்கள். வருங்காலப் பணவீக்கம், அரசு இன்னும் எவ்வளவு கடன் வாங்கப்போகிறது என்ற கணிப்பெல்லாம் அதில் சேர்ந்திருக்கும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தன் வட்டியை மூன்று முறையாக மொத்தம் 1 சதவீதப் புள்ளி குறைத்தது. அதே மாதங்களில் 10 ஆண்டு வட்டி 3.7 சதவீதத்துக்குக் கீழிருந்து 4.5-ஐத் தாண்டிப் போனது.

கடன், ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஜப்பானின் கடன் ஜிடிபியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியும் பல ஆண்டுகள் அதன் 10 ஆண்டு வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. காரணம், கடன் முழுக்கச் சொந்த நாணயமான யென்னில். பெரும்பகுதி உள்நாட்டவரிடமும் அதன் மத்திய வங்கியான ஜப்பான் வங்கியிடமும் இருக்கிறது. அதைவிட மிகக் குறைந்த விகிதம் கொண்ட இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அங்கே சிக்கல் டாலர் கடன். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்த டாலர் மே மாதம் 360-ஐ எட்டியது. வட்டி விகிதம் அப்படியே இருக்க, ரூபாய்க் கணக்கில் டாலர் கடனின் சுமை 1.8 மடங்கானது. எனவே முதலில் பார்க்க வேண்டியது மூன்று: கடன் எந்த நாணயத்தில், யார் கையில், அந்நியச் செலாவணிக் கையிருப்பு எவ்வளவு.

பணவீக்கத்தைக் கழிக்காமல் ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2022 இறுதியில் இலங்கைக் கருவூல உண்டியல்கள் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) சுமார் 30 சதவீதம் வட்டி தந்தன. டிசம்பரில் பணவீக்கம் சுமார் 57 சதவீதம். அந்தப் பணவீக்கம் நீடித்தால் கடன் கொடுத்தவருக்கு உண்மையில் நஷ்டம்.

வளர்ந்த நாடு என்றால் அதிர்ச்சி வராது என்பதும் சரியல்ல. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அரசு, இழப்பை ஈடுகட்டப் பணம் எங்கிருந்து வரும் என்று காட்டாமல் வரிக்குறைப்பை அறிவித்தது. 30 ஆண்டு வட்டி 5 சதவீதத்தைத் தொட, ஐந்தே நாளில் அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி அரசுப் பத்திரங்களை வாங்க இறங்க வேண்டியதாயிற்று.

வட்டி ஏறியதும் மொத்தக் கடனையும் புதிய விகிதத்தால் பெருக்கிவிடாதீர்கள். கடன் 100, பழைய வட்டி 3 சதவீதம், இந்த ஆண்டு முதிர்வது (தவணை முடிந்து, மறுபடி கடனாக வாங்க வேண்டியது) 15, புதிய வட்டி 6 சதவீதம் என்றால், ஆண்டு வட்டிச் செலவு 3-லிருந்து 3.45 ஆகும், 6 ஆகாது. முதிர்வது 15-க்குப் பதில் 60 என்றால் அதுவே 4.80.