குன்னூரில் வீடு விற்போர் கவனத்திற்கு

நீலகிரியில் வீடுகள் அரிதாகவே விற்பனைக்கு வருவதால், குன்னூரிலோ கோத்தகிரியிலோ சொந்த வீட்டை விற்க நினைப்பவர், முதலில் வருபவர் சொல்லும் விலைக்கே முன்பணம் வாங்கிவிடாமல், அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த கிரயங்களை விசாரித்த பிறகு விலை சொல்வது நல்லது. பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.

வீடு கிடைப்பது அரிது என்பதற்காக ஆவணக் குறையை எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன், கட்டட உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்தும் மலைப்பகுதி விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற வரைபடத்தையும் எடுத்து வையுங்கள்; சமவெளியிலிருந்து வாங்க வருபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்காமல் விடமாட்டார். கூடலூர்ப் பக்கமெனில், ஜென்மிகள் எனப்பட்ட பெருநிலக்கிழார்களின் நிலவுரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டின் ஜென்மி எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குள் நிலம் வருகிறதா என்பதை உறுதிசெய்யாமல் விளம்பரமே செய்யாதீர்கள்.

ஈரம் கசியும் சுவரை வண்ணம் பூசி மறைப்பது வீண். ஜூலை மழை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.